மல்பெரிக் கிளையில் ஒரு சிமிழ்

வீட்டுக் கொல்லையில் பழத்துக்காக ஒரு மல்பெரி வைத்திருப்பீர்கள். ஏழெட்டு வருடத்தில் அது மதிலைத் தாண்டி மின்கம்பியைத் தொடும். ஆள் வைத்துக் கழிப்பீர்கள். கழித்த கிளைகளை அடுப்புக்கென்று யாராவது கேட்டு வாங்கிப்போவார்கள். இல்லையென்றால் குப்பை வண்டி வரும். அடுத்த முறை, ஆள் தொடை பருமனுள்ள ஒரு முழத் துண்டை மட்டும் எடுத்து வையுங்கள். அதில் ஒரு குங்குமச் சிமிழோ, வாய் குறுகி வயிறு அகன்ற ஒரு சின்னக் கலயமோ கடைந்தெடுக்கலாம்.

மல்பெரி செடிதானே, அதில் ஏது கட்டை என்று கேட்பீர்கள். அது மரம்தான். பட்டுப்புழுவுக்கு இலை வேண்டி வருடத்தில் பலமுறை வெட்டிக்கொண்டே இருப்பதால்தான் கிருஷ்ணகிரி, தருமபுரி, ஈரோடு, திருப்பூர் பக்கத்துத் தோட்டங்களில் அது இடுப்பு உயரச் செடியாக நிற்கிறது. வெட்டாமல் விட்டால் பத்து மீட்டருக்கு மேலும் வளரும். அகராதிகளில் இதற்கு முசுக்கொட்டை என்றும் பெயர் உண்டு.

நம் கடலோரச் செங்கல்பட்டு 2019 நவம்பர் 29 அன்றுதான் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. பட்டு நெய்கிற அந்தக் காஞ்சிபுரம் இவ்வளவு பக்கத்தில் இருந்தும், அந்தப் பட்டுக்கு ஆதாரமான மரம் இங்கே நமக்கு அதிகம் பழக்கமில்லை. நெசவுக்கு வரும் நூல் பெரும்பாலும் வெளியூர் நூல். இந்தக் கடற்கரைப் பக்கம் மல்பெரி என்றால் வீட்டுத் தோட்டத்துப் பழமரம்தான். ஆனால் நமக்கு வேண்டியது தோப்பு இல்லை, ஒரு கிளை.

இந்தக் கட்டை நல்ல கட்டையா? உலகம் அதை எதற்கெல்லாம் எடுத்துக்கொண்டது என்று பாருங்கள். ஜலந்தரிலும் சியால்கோட்டிலும் ஹாக்கி மட்டைக்கு நெடுங்காலம் இந்த மரத்தைத்தான் வளைத்தார்கள். வளைத்தாலும் ஒடியாது, அடி வாங்கினாலும் பிளக்காது என்பதே காரணம். ஆப்கானிஸ்தானத்து ரபாப் என்ற நரம்பு வாத்தியத்தின் உடல், ஒரே மல்பெரிக் கட்டையைக் குடைந்து செய்வது. இத்தாலியின் மொடேனா ஊரில் திராட்சைக் காடியை ஆண்டுக்கணக்கில் ஊறவைக்கும் பீப்பாய்களில் மல்பெரிப் பீப்பாயும் ஒன்று. குடைந்தால் தாங்கும், நீர்மம் பட்டாலும் உடனே கெடாது என்பதற்கு இந்த இரண்டு சாட்சியும் போதும்.

நிறத்தைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஏமாற்றமாக இருக்கும். புதிதாக அறுத்த மல்பெரியின் வைரம் (மரத்தின் உள்ளே முதிர்ந்து கெட்டிப்பட்ட பகுதி) மஞ்சள் அரைத்துப் பூசியதுபோல் பளிச்சென்று இருக்கும். அந்த மஞ்சள் நிலைக்காது. வெளிச்சமும் காற்றும் பட, சில மாதங்களில் தேன் நிறமாகும்; வருடங்கள் போகப் போகப் பழைய தேக்கு மாதிரி கரும்பழுப்பாகும். எந்த மெருகும் இதை முழுதாகத் தடுக்காது. எனக்கு அந்தப் பழுப்புதான் அதிகம் பிடிக்கும்.

மல்பெரியே கிடைக்கவில்லை என்றால்? பலா எடுங்கள். பலா, ஆல், அரசு, அத்தி, மல்பெரி எல்லாம் ஒரே குடும்பத்து மரங்கள். தஞ்சாவூர் வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பலாக்கட்டையைக் குடைவது உங்களுக்குத் தெரிந்ததே. பலாவும் வெட்டும்போது மஞ்சளாக இருந்து பிறகு பழுப்பேறும். அதன் தூளைக் காய்ச்சித்தான் பௌத்தத் துறவிகளின் ஆடைக்குச் சாயம் எடுத்தார்கள். இந்தக் கரையோரத்துப் பூவரசும் கடைசலுக்கு அருமையானது. ஹவாய்த் தீவுகளில் பூவரசங்கட்டையில் உணவுக் கிண்ணங்களே செய்தார்கள். கீழே சொல்வதில் பெரும்பகுதி இவற்றுக்கும் பொருந்தும்.

இப்போது கடைசல் என்றால் என்ன என்று பார்ப்போம். கட்டையைச் சுழலவிட்டு, உளியை அசையாமல் பிடித்துச் சீவுவது கடைசல். சாதாரணத் தச்சு வேலையில் கட்டை நிற்கும், உளி நகரும். இதில் கட்டை சுழலும், உளி காத்திருக்கும். அதனால்தான் கடைந்த பொருள் எல்லாம் உருண்டையாக வருகிறது.

தயிர் கடைவதற்கும் இதற்கும் ஏன் ஒரே சொல்? பழைய கடைசல் எந்திரத்தில் மோட்டார் கிடையாது. கட்டையில் கயிற்றைச் சுற்றி, ஒருவர் மாற்றி மாற்றி இழுப்பார். மத்து சுழல்வதுபோலவே கட்டை முன்னும் பின்னும் சுழலும். முன்னால் வரும் சுற்றில் உளி வெட்டும், பின்னால் போகும் சுற்றில் சும்மா இருக்கும். கை அசைவு ஒன்றுதான், அதனால் சொல்லும் ஒன்றாகிவிட்டது.

தமிழ்நாட்டில் இந்தத் தொழிலுக்குப் பேர் பெற்ற ஊர் தாமிரபரணிக் கரை அம்பாசமுத்திரம். குழந்தைகள் விளையாடும் மரச்சொப்பு அங்கிருந்துதான் வந்தது. கர்நாடகத்தில் சென்னப்பட்டணம், ஆந்திரத்தில் ஏடிகொப்பாக்கா. இவ்விரண்டு ஊரிலும் கட்டை வெட்பாலை. செங்கல்பட்டுப் பக்கம் இப்படிப் பரம்பரையாகப் பேர்பெற்ற கடைசல் ஊர் இல்லாவிட்டாலும் கடைசல் பட்டறைகள் உண்டு. கட்டில் கால், மாடிப்படிக் கம்பு, சப்பாத்திக் குழவி கடைந்து கொடுப்பவர்கள். உங்கள் கிளையோடு போய் நிற்க வேண்டிய இடம் அதுதான்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம் புரிய வேண்டும். வீட்டில் இதைச் செய்து பார்க்கிறவர்கள் தோற்பது உளியால் இல்லை, வெடிப்பால். கட்டை ஏன் வெடிக்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பச்சைக் கட்டைக்குள் நிறையத் தண்ணீர் இருக்கிறது. முதலில் நார்களுக்கு நடுவேயுள்ள குழாய்களில் நிற்கும் நீர் வெளியேறும். அப்போது கட்டையின் எடை குறையும், அளவு மாறாது. மரத்தின் உலர்ந்த எடையில் ஏறக்குறைய 30 சதவீதமாக ஈரம் இறங்கும்போது, நார்ச் சுவருக்குள்ளேயே ஊறியிருக்கும் நீர் வெளியேறத் தொடங்கும். அங்கிருந்துதான் கட்டை சுருங்கும்.

சுருக்கம் எல்லாத் திசையிலும் ஒரே அளவு இருந்தால் தொல்லையே இல்லை. நீளவாக்கில் மரம் கிட்டத்தட்டச் சுருங்குவதே இல்லை. நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுருங்குவதைவிட, வளையத்தின் சுற்றளவில் ஏறத்தாழ இரு மடங்கு சுருங்கும். வட்டமான ஒரு கட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றளவு அதிகம் குறைய வேண்டும், ஆனால் உள்ளே இருக்கும் கட்டை அந்த அளவுக்கு விட்டுக்கொடுக்காது. இறுக்கமான இடுப்புத் துணி கிழிவதுபோல், வெளிப்புறம் எங்காவது ஓரிடத்தில் பிளந்துகொள்ளும். முழு உருளையாக உலரவிட்ட விறகு ஒவ்வொன்றிலும் நடுவை நோக்கி ஒரு வெடிப்பு இருப்பது இதனால்தான்.

உள்ளே இருப்பதை எடுத்துவிட்டால்? வெறும் வளையமாக நிற்கும் சுவரைத் தடுக்க ஆளில்லை. அது தன் விருப்பப்படி சுருங்கி, கொஞ்சம் சிறிய வளையமாகிவிடும். வெடிக்க வேண்டிய அவசியமே அதற்கு இல்லை. கலயத்தைக் குடைவது பொருள் போட்டு வைப்பதற்காக மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். மரத்தைக் காப்பாற்றுவதும் அந்தக் குடைவுதான்.

அப்படியானால் எங்கே வெடிக்கும்? அடிப்பகுதியில். அங்கேதான் கட்டை இன்னும் முழுத் தட்டாக இருக்கிறது, அதன் நடுவில் நெட்டி (கிளையின் மையத்திலுள்ள மென்மையான தண்டு) இருக்கிறது. சுவர் அழகாக நின்று, அடியில் மட்டும் நட்சத்திரம்போல் கீறல் விட்ட கலயங்கள் பல. இதற்கு வழி உண்டு, பின்னால் சொல்கிறேன்.

இனி வேலைக்கு வருவோம். கிளை வெட்டிய அன்றே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. வெட்டுமுகம் இரண்டிலும் மெழுகை உருக்கிப் பூசுங்கள். மெழுகுவத்தித் துண்டுகள் போதும். மெழுகு இல்லையென்றால் மிச்சமிருக்கும் சுவர்ப் பெயின்ட்டைக் கெட்டியாக இரண்டு கை அடியுங்கள். மரத்தின் ஈரம் மிக வேகமாக ஓடிப்போவது வெட்டுமுகம் வழியாக. அதை அடைத்தால் உலர்வது நிதானப்படும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வெயிலில் போட்டால், சித்திரையில் ஒரே பகலில் மயிரிழைக் கீறல்கள் விழுந்துவிடும். பட்டையை உரிக்க வேண்டாம்.

எவ்வளவு நீளம் வைப்பது? 11 சென்டிமீட்டர் உயரக் கலயத்துக்கு 30 சென்டிமீட்டர் துண்டு. இவ்வளவு எதற்கு என்றால், மெழுகு பூசியும் இரண்டு முனையிலும் சில சென்டிமீட்டர் கீறிப்போகலாம்; அதை வெட்டி எறிந்தபின் நல்ல கட்டை மிஞ்ச வேண்டும். பருமன் 13 முதல் 15 சென்டிமீட்டர் இருந்தால், பட்டையும் வெளிக்கட்டையும் (பட்டைக்கு அடுத்த வெளிறிய பகுதி) போக 9 சென்டிமீட்டர் அகலக் கலயம் கிடைக்கும்.

வெளிக்கட்டையை ஏன் கழிக்க வேண்டும், அந்த வெள்ளைக் கரை அழகாகத்தானே இருக்கிறது? அழகுதான். ஆனால் உளுத்துப்போவது அங்கே தொடங்கும். மாவுபோல் தூள் கொட்டச் செய்யும் வண்டுகளுக்கு வெளிக்கட்டையிலுள்ள மாவுச்சத்துதான் உணவு. வைரத்தை அவை அதிகம் சீண்டாது. வெள்ளைக் கரை வேண்டும் என்றால் வெங்காரக் கரைசலில் கட்டையை ஒருமுறை முக்கி எடுங்கள். குழந்தைகள் கையாளும் பொருளென்றால் அதுவும் வேண்டாம், கரையைக் கழித்துவிடுங்கள்.

கட்டையை வெட்டும்போது பால் வடியும். சிலருக்குத் தோல் அரிக்கும், கையுறை போட்டுக்கொண்டு வெட்டுங்கள். ஆனால் கடைசல் எந்திரத்தின் முன் நிற்கும்போது கையுறையைக் கழற்றிவிட வேண்டும். சுழலும் கட்டை துணியைப் பற்றினால் கையையும் சேர்த்து இழுக்கும்.

சாலையோரத்தில் புயலுக்கு விழுந்த கிளையை எடுக்கலாமா? உள்ளாட்சி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா, 2022 டிசம்பர் 9 இரவு மாமல்லபுரம் அருகே கரை கடந்த மாண்டஸ். இரண்டு புயலிலும் இந்தக் கடற்கரையில் சாய்ந்த மரங்களை ரம்பம் வைத்துத் துண்டாக்கி லாரியில் ஏற்றியதை எல்லோரும் பார்த்தோம். அவற்றில் பூவரசும் வேம்பும் இருந்தன. ஒரு முழத் துண்டை எடுத்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை என்பதில் எனக்கு இன்னும் வருத்தம்.

பட்டறைக்குப் போகும்போது என்ன கேட்க வேண்டும்? "அண்ணே, இதை ரெண்டு பக்கமும் பிடிச்சு உருட்டுறது இல்லை, ஒரு பக்கம் பிடிச்சு உள்ளே குடையணும்" என்று சொல்லுங்கள். கட்டில் காலுக்குக் கட்டையை இரண்டு முனையிலும் கூர் வைத்துப் பிடிப்பார்கள். உள்ளே குடைய ஒரு முனை திறந்திருக்க வேண்டும். அதற்குச் சக் (கட்டையின் ஒரு முனையை நான்கு தாடையால் கவ்விப் பிடிக்கும் இரும்புப் பிடி) தேவை. சக் இல்லாவிட்டாலும் வழி உண்டு: வேறொரு கெட்டிக் கட்டையில் குழி கடைந்து, உங்கள் கட்டையின் அடிமுனையை அந்தக் குழிக்குள் இறுக அடித்துப் பிடிப்பது. சொப்பு கடைபவர்கள் பலகாலமாகப் பயன்படுத்தும் வழி அது.

நீங்களே கடையப்போகிறீர்கள் என்றால் வேலையின் வரிசை இப்படி. கட்டையை முதலில் இரு முனையிலும் பிடித்து உருளையாக்க வேண்டும். கட்டை கோணலாக இருக்கும்வரை வேகம் நிமிடத்துக்கு 600 சுற்றைத் தாண்ட வேண்டாம். உருண்டையானபின் 1200 வரை கூட்டலாம். ஒரு முனையில் 5 சென்டிமீட்டர் அகலம், 1 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு முளை விடுங்கள். சக் அதைத்தான் கவ்வும்.

பிறகு வெளி வடிவம். வயிறு எங்கே அகல வேண்டும், கழுத்து எங்கே ஒடுங்க வேண்டும் என்பதை இப்போதே முடித்துவிடுங்கள். அடிப்பக்கத்தை மட்டும் தடிமனாக விட்டுவையுங்கள். உள்ளே குடையும்போது அதிர்வைத் தாங்க அது வேண்டும். குடைந்தபின் வெளியே சீவப் போனால் மெல்லிய சுவர் நடுங்கும், உளி தாவும்.

உள்ளே குடைவதுதான் புதியவர்கள் பயப்படுகிற இடம். நடுவில் 2 சென்டிமீட்டர் அகலத் துரப்பணத்தால் வேண்டிய ஆழத்துக்கு ஒரு துளை போடுங்கள். ஆழம் எவ்வளவு என்ற சந்தேகம் அதோடு தீர்ந்தது. நெட்டியும் அந்த ஆழம்வரை போய்விடும். அப்புறம் அந்தத் துளையிலிருந்து வெளிச்சுவரை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்துங்கள். நடுவிலிருந்து வெளியே போனால் நார் ஒழுங்காக வெட்டுப்படும். வெளியிலிருந்து நடுவுக்கு வந்தால் நார் பிய்யும்.

நேர் உளி வாய்க்கு நேர் கீழே உள்ள இடத்தைத்தான் எட்டும். தோள் பகுதியின் உட்புறத்துக்கு நுனி வளைந்த உளி வேண்டும். உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. கையும் காதும்தான் சொல்ல வேண்டும். சுவர் தடிமனாக இருக்கும்போது சத்தம் மந்தமாக இருக்கும், மெலிய மெலியச் சுருதி ஏறும். கம்பியை 'ப' வடிவில் வளைத்து, ஒரு நுனியை உள்ளேயும் ஒரு நுனியை வெளியேயும் வைத்துச் சுவரின் தடிமனைப் பாருங்கள். எந்திரத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

முதல் கலயத்துக்கு வாய் 4 சென்டிமீட்டருக்குக் குறைய வேண்டாம். வாய் குறுகக் குறையச் சீவல் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே அடைக்கும், உளி அதில் சிக்கிக்கொள்ளும். பத்து இருபது விநாடிக்கு ஒருமுறை நிறுத்தி, சீவலைக் கவிழ்த்துக் கொட்டுங்கள். சுழலும் வாய்க்குள் விரலை விடுவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள்.

உடையைப் பற்றி ஒரு வார்த்தை. வேட்டி, துப்பட்டா, தளர்ந்த முழுக்கைச் சட்டை, கழுத்துச் செயின், விரித்த கூந்தல் எதுவும் எந்திரத்தின் அருகே கூடாது. முகத்தை மறைக்கும் கண்ணாடித் தகடு கட்டாயம். தூளுக்கு மூக்குக்கவசம் கட்டாயம். மரத்தூள் மூச்சில் போவதன் கேடு அன்றைக்குத் தெரியாது.

எவ்வளவு மெல்லிசாக்குவது? அது மூடி வேண்டுமா வேண்டாமா என்பதைப் பொறுத்தது.

மூடியில்லாத கலயம் என்றால் பச்சையாக இருக்கும்போதே ஒரே மூச்சில் 5 மில்லிமீட்டர் சுவருக்குக் கொண்டுவந்துவிடுங்கள். அவ்வளவு மெல்லிய சுவர் வெடிக்காது. கட்டையின் நடு சரியாகக் கலயத்தின் நடுவில் இல்லாவிட்டால் உலர்ந்தபின் வாய் சற்று நீள்வட்டமாகும். கையில் எடுத்தால் அந்தக் கோணல் தெரியும், அது குறையும் இல்லை.

மூடியுள்ள சிமிழ் என்றால் இரண்டு முறை கடைய வேண்டும். முதல் முறை சுவரை 1 சென்டிமீட்டர் தடிமனாக விட்டு, மூடிக்கும் அதே கட்டையில் தொடர்ந்து வரும் துண்டைக் கரடாகக் கடைந்து, இரண்டையும் உலரவிட வேண்டும். உலர்ந்து கோணியபின் மறுபடி பிடித்துச் சரியான வட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். பச்சையில் பொருத்திய மூடி ஒரு மாதத்தில் திறக்காது, அல்லது நிற்காது.

எப்படி உலர்த்துவது? இந்தக் கடற்கரையில் இதற்குத்தான் அதிகக் கவனம் வேண்டும். கடைந்த கலயத்தை அதே மரத்தின் சீவலோடு ஒரு காகிதப் பையில் போட்டு, வாயை மடித்து, காற்றோட்டமுள்ள நிழலில் வையுங்கள். பிளாஸ்டிக் பை கூடாது, இரண்டே நாளில் பூசணம் பிடிக்கும். மொட்டை மாடி கூடாது. மின்விசிறிக்கு நேராகவும் கூடாது.

எத்தனை நாள்? சமையலறைத் தராசுதான் பதில் சொல்லும். வாரம் ஒருமுறை எடை பார்த்துப் பையின் மேலேயே எழுதி வையுங்கள். மூன்று வாரம் தொடர்ந்து எடை மாறவில்லை என்றால் உலர்ந்துவிட்டது. 1 சென்டிமீட்டர் சுவருக்கு ஆறு முதல் பத்து வாரம் எதிர்பாருங்கள். மார்கழி கழிந்து தையிலிருந்து பங்குனி வரை உலர்த்த நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூசணம் வரும். அக்னி நட்சத்திரத்து அனல் காற்றில் கீறும். அந்த நாட்களில் வைக்க வேண்டியிருந்தால், மழைக்குச் சீவலை வாரம் இருமுறை மாற்றுங்கள், வெயிலுக்குப் பையின் மேல் இன்னொரு பை போடுங்கள்.

உலர்ந்துவிட்டது என்றால் ஈரமே இல்லை என்று அர்த்தமா? இல்லை. மரம் சுற்றியுள்ள காற்றோடு எப்போதும் ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதமாக உள்ள நம் கடற்கரை வீட்டில் மரத்தின் ஈரம் 14 சதவீதத்தில் நிற்கும். அதே பொருளை 50 சதவீத ஈரப்பதமுள்ள குளிர்சாதன அறைக்குக் கொண்டுபோனால் 9 சதவீதத்துக்கு இறங்கும். இறங்கினால் மறுபடி சுருங்கும். கோவளத்தில் கச்சிதமாக உட்கார்ந்த மூடி பெங்களூரில் ஆடும். பெங்களூரில் செய்த மூடி கோவளத்தில் இறுகும். ஆகவே மூடியைச் சற்றே தளர்வாக வையுங்கள். மூடியின் ரேகையையும் (மரத்தின் கோடுகள்) சிமிழின் ரேகையையும் ஒரே திசையில் பொருத்துங்கள். அப்போது இரண்டும் சேர்ந்தே சுருங்கும், சேர்ந்தே விரியும்.

அடிப்பகுதிக்கு வழி சொல்வதாகச் சொன்னேன். கிளையின் நெட்டி கலயத்தின் நடுவில் வரும்போது, அடியின் நடுவிலும் துளை போட்டு நெட்டியை முழுதாக எடுத்துவிடுங்கள். இப்போது அடிப்பகுதியும் ஒரு வளையம்தான், அதற்கும் சுருங்க இடம் கிடைத்துவிட்டது. கலயம் நன்றாக உலர்ந்தபின், உலர்ந்த கட்டையில் ஒரு சின்ன முளை கடைந்து அந்தத் துளையை அடைத்து ஒட்டிவிடுங்கள். முளையின் நார் ஓட்டம் கலயத்தின் நார் ஓட்டத்தோடு ஒத்துப்போக வேண்டும். உலராமல் அடைத்தால் செய்த வேலை வீண். பெரிய அடிமரம் கிடைத்தால் இந்த வேலையே வேண்டாம்: நெட்டி வழியே இரண்டாகப் பிளந்து, நெட்டி சேராத பாதியில் கடையலாம்.

மெருகுக்கு வருவோம். உப்புத்தாளை 120-இல் தொடங்கி 180, 240, 320 என்று போங்கள். படியைத் தாண்டினால் முந்தைய தாளின் கீறல் மெருகுக்குப் பின் பல்லைக் காட்டும்.

அதன்பின் என்ன பூசுவது? பலரும் கைக்கு எட்டிய தேங்காய் எண்ணெயைத் தடவுகிறார்கள். அது காயாது, பிசுபிசுக்கும், நாளடைவில் சிக்கு வாடை வரும். காய்ந்து கெட்டியாகும் எண்ணெய் வேண்டும். ஆளி விதை எண்ணெய் அப்படிப்பட்டது. மெல்லிசாகத் தடவி, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்து, மூன்று நாள் விட்டு மறு பூச்சு. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளி எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும், சுருட்டிய துணி தானே தீப்பிடித்ததுண்டு. விரித்து வெளியே காயப்போடுங்கள்.

என்னைக் கேட்டால் சிமிழுக்கு அரக்குதான் பொருத்தம். சொப்புக்கு நிறம் ஏற்றுகிற அதே அரக்கு. சுழலும் கட்டையின் மேல் அரக்குக் குச்சியை அழுத்தினால் உரசும் சூட்டிலேயே உருகிப் படியும். பிறகு தாழை ஓலையை மடித்து அழுத்தித் தேய்த்தால் கண்ணாடிபோல் மின்னும். சென்னப்பட்டணத்தில் இன்றும் அப்படித்தான் செய்கிறார்கள். தாழை நமக்குக் கடையில் வாங்க வேண்டிய பொருளா? இந்தக் கடற்கரையில் உப்பங்கழி ஓரமெல்லாம் நிற்கிறது. முள்ளைச் சீவி, நிழலில் வாடவிட்டுப் பயன்படுத்துங்கள்.

செய்து முடித்த சிமிழில் என்ன வைக்கலாம்? குங்குமம், விபூதி, ஏலக்காய், கிராம்பு, காதுத்தோடு. மஞ்சள்தூள் வைத்தால் உட்புறம் சாயமேறும், கெடுதல் ஒன்றுமில்லை. உப்பு வேண்டாம், நம் ஊர்க் காற்றில் உப்பு கசியும், சிமிழ் ஊறும். தண்ணீரில் ஊறவைத்துக் கழுவாதீர்கள். ஈரத் துணியால் துடைத்து உடனே உலர்த்துங்கள். ஈரம் பட்ட இடத்தில் இரும்பு ஆணியோ கத்தியோ கிடந்தால் கறுப்புக் கறை விழும். வருடம் ஒருமுறை தேன்மெழுகைத் துளி எடுத்துத் தேய்த்தால் போதும்.

கருவிகளுக்கும் கவனம் தேவை. உப்புக் காற்றில் உளி ஒரு வாரத்தில் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் துடைத்து, துணியிலேயே சுற்றி வையுங்கள்.

கற்றுக்கொள்ள எங்கே போவது? மரச்சிற்பத்தை முறையாகப் படிக்க மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கிய அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி இருக்கிறது. அது கோயில் மரபுச் சிற்பம், கடைசல் வேறு. முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ராவில் தென்னிந்தியாவின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து எழுப்பியிருக்கிறார்கள். அங்குள்ள தூண்களையும் உத்திரங்களையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள், உலர்ந்த கட்டை எப்படிக் காலம் தாண்டும் என்று தெரியும். உளி பிடிக்கும் பழக்கத்துக்குப் பட்டறைக்காரர் பக்கத்தில் நிற்பதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. அவருக்கும் வேலை வேண்டும். மரக்கால் கட்டிலுக்குப் பதில் இரும்புக் கட்டிலும், மரக்கம்புக்குப் பதில் எஃகுக் கைப்பிடியும் வந்துவிட்ட நாள் இது.

மாமல்லபுரத்து ஐந்து ரதங்களைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஏழாம் நூற்றாண்டுச் சிற்பிகள் பாறையில் செதுக்கியது மரக் கட்டடத்தின் வடிவத்தை. திரௌபதி ரதத்தின் கூரை கீற்றுக் குடிசையின் கூரை. கல்லில் செய்தது நிற்கிறது. அவர்கள் கண்ணால் பார்த்த மரக் கட்டடங்களில் ஒன்றும் மிஞ்சவில்லை. ஈரமும் கரையானும் உளுப்பும் தின்றுவிட்டன. இந்தக் கடற்கரையில் மரம் தானாக நிலைக்காது. பார்த்துக்கொண்டால் மட்டும் நிலைக்கும்.

இந்த ஐப்பசிக் காற்றில் உங்கள் வீட்டு மல்பெரிக் கிளை ஒன்று முறிந்தால், அன்று மாலைக்குள் வெட்டுமுகம் இரண்டிலும் மெழுகு பூசிவிடுங்கள். மற்ற வேலையெல்லாம் தை வரை காத்திருக்கும்.